வடநெம்மேலியில் விஷம் எடுத்த பிறகு பாம்புகளை என்ன செய்வார்கள்?

கொல்ல மாட்டார்கள், காட்டிலேயே விட்டுவிடுவார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகைதான் பிடிப்பார்கள். மண்பானைக்குள் போட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். (பார்க்க ஊறுகாய்ப் பானை மாதிரிதான் இருக்கும், திறந்துவிடாதீர்கள்!) வாரம் ஒருமுறை வீதம் சுமார் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். எடுத்தது மறுபடி ஊறிவிடும். அப்புறம் வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மீண்டும் சிக்கினால் தெரியவேண்டுமே. உலர்த்திய விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள்.