அரிப்புக்குத் தாவரச் சத்து மாத்திரை போதுமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் காட்டு வேலை செய்யும் என் அப்பாவுக்கு (வயது 58) ஓராண்டாகக் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் கடும் அரிப்பு. மருந்துக் கடையில் கொடுத்த டியூப்பைத் தடவினால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சத்துகள் அரிப்பைக் குறைக்கும் என்கிறார்களே, அவற்றில் ஒன்றான குவெர்செடின் மாத்திரையும் சீமைச் சாமந்திக் கிரீமும் கொடுக்கலாமா?

பதில்: சீமைச் சாமந்திக் கிரீமை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் இடங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் பார்த்தீனியம் ஒவ்வாமை என்ற ஐயமே எழுகிறது. கேரட் தழை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக வரப்பிலும் சாலையோரத்திலும் மண்டிக் கிடக்கும் அந்தச் செடி காய்ந்து தூசியாகும்போது, காற்றில் வந்து இமையிலும் கழுத்திலும் வியர்வை தங்கும் மடிப்பிலும் படிகிறது. சீமைச் சாமந்தியும், ஏன், நாம் தலையில் வைக்கும் சாமந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும். சீமைச் சாமந்தியில் உள்ள அபிஜெனின் என்ற ஃபிளேவனாய்டு வீக்கத்தைத் தணிக்கக்கூடியதுதான் என்றாலும், பூவின் சாற்றில் அது தனியாக வருவதில்லை, ஒவ்வாமை தரும் பொருள்களும் கூடவே வரக்கூடும்.

குவெர்செடின் நம் சின்ன வெங்காயத்திலும் உண்டு. தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியிடுவதை அது ஆய்வகத்தில் நன்றாகவே தடுக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மனித மாஸ்ட் செல்களில் குரோமோலின் என்ற ஒவ்வாமை மருந்தையே விஞ்சியது. இந்த ஆராய்ச்சியின் மீது எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. ஆனால் விழுங்கிய குவெர்செடின் குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிடுவதால், அதே வடிவில் இரத்தத்தை எட்டுவது மிகச் சொற்பம். தவிர, இவ்வகைத் தோல் அழற்சியின் அரிப்பு ஹிஸ்டமினால் மட்டும் வருவதன்று. ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரை போட்டும் பலருக்கு அது அடங்காததன் காரணம் இதுவே. வெங்காயத்தை உணவில் தாராளமாகச் சேர்க்கலாம், சாற்றை இமையில் தடவ வேண்டாம்.

என் கவலையெல்லாம் அந்த டியூப்பைப் பற்றியதுதான். அதில் ஸ்டீராய்டு இருந்தால், இமையில் மாதக்கணக்கில் தடவும்போது கண் அழுத்தம் உயரவும் கண்புரை வரவும் வாய்ப்புண்டு. டியூப்பையும் எடுத்துக்கொண்டு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தோல் மருத்துவர் ஒருவரிடமோ அப்பாவைக் காட்டி, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். இமைக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புகள் இருக்கின்றன. அதுவரை அவர் முழுக்கைச் சட்டை அணிந்து காட்டுக்குப் போகட்டும், வீடு திரும்பியதும் குளிக்கட்டும். செடியை வீட்டில் வேறொருவர் கையுறை போட்டு, பூக்கும் முன்பே பிடுங்கட்டும். நோய் கடுமையாகி மருத்துவர் சைக்ளோஸ்போரின் என்ற நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை எழுதினால், குவெர்செடின் சாப்பிடுவதை அவரிடம் மறைக்காதீர்கள். அம்மருந்தின் அளவை அது இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும்.