மோர்மனுக்கு மோர் குடுங்க

கேள்வி: பையன் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கோம், அரிசோனால மேசான்னு ஒரு ஊரு. கொளுத்துற வெயில்ல வெள்ளச் சட்ட, டை எல்லாம் கட்டிக்கிட்டு சைக்கிள்ல ரெண்டு பசங்க வந்து நின்னாங்க, மோர்மன்ங்கற கிறிஸ்தவ சபைக்கு ஆள் சேக்க வந்த மிஷனரியாம். பாவமேன்னு என் மனைவி புது டிகாக்‌ஷன் இறக்கி ஃபில்டர் காபி போட்டுக் குடுத்தா தொடக்கூட இல்ல. நம்ம வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு அவ்வளவு திமிரா? ஆள் பிடிக்கிறதுக்கு இவங்களுக்கு மாசம் என்ன சம்பளம்? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: காபிய மொதல்ல முடிச்சிருவோம். அந்தப் பசங்க யார் வீட்டுலயும் காபி குடிக்க மாட்டாங்க சார், பெத்த அம்மா போட்டாலும் குடிக்க மாட்டாங்க, அந்தம்மா வீட்டுல காபித்தூளே இருக்காதுங்கறது வேற விஷயம். அவங்க சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் 1833ல ‘ஞான வார்த்தை’ன்னு ஒரு விதி போட்டாரு, அதுல இருந்து வந்ததுதான் காபி, டீ, சாராயம், புகையில எதுவும் ஆகாதுங்கறது. கோக் குடிக்கலாமாம், அதுலயும் கேஃபீன் இருக்கேன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. உங்க வீட்டம்மா ஒரு சொம்பு மோர நீட்டியிருந்தா அந்த வெயிலுக்கு ஒரே மடக்குல காலி ஆயிருக்கும்.

அடுத்தது சம்பளம். பைசா கிடையாது. கிடையாதுங்கறது கூட தப்பு, அந்தப் பையன் காசு கட்டிட்டு வந்திருக்கான். அமெரிக்கப் பையன்னா 2020 ஜூலைல இருந்து மாசம் 500 டாலர், அதுக்கு முன்னாடி 400. பையன் பிரேசிலுக்குப் போனாலும் சரி பக்கத்து மாநிலத்துக்குப் போனாலும் சரி ஒரே ரேட்டு. ஆம்பளப் பசங்களுக்கு ரெண்டு வருஷம்னா 12,000 டாலர், நம்ம காசுக்கு பத்து லட்சத்த தொடும். பல பேர் ஸ்கூல் படிக்கும்போதே பார்ட் டைம் வேல பாத்து சேத்து வச்ச பணம் அது. எந்த ஊருக்குப் போறதுன்னு தேர்ந்தெடுக்கற உரிமையும் கிடையாது, சபைல இருந்து என்ன ஊர் வருதோ அங்க போகணும், மொழி தெரியலன்னா ட்ரெயினிங் சென்டர்ல சில வாரம் உக்காந்து கத்துக்கிட்டுப் போகணும்.

சரி ஆள் பிடிக்கிறாங்கன்னு சொல்றீங்களே, எத்தன பேரப் பிடிச்சாங்க? 2024ல உலகம் பூரா 74 ஆயிரம் மிஷனரிங்க, புதுசா சேந்தவங்க மூணு லட்சத்து சொச்சம். தலைக்கு வருஷத்துக்கு நாலு பேரு. ஒருத்தர் கூட சேராம வருஷம் ஓடுற ஊரெல்லாம் இருக்கு. நம்ம ஊர் சீட்டுக் கம்பெனி ஏஜென்ட் இந்தக் கணக்க காட்டினா அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

ஒரு வாரம் எப்படிப் போகும்னு பாருங்க. வழக்கமா காலைல ஆறரைக்கு எந்திரிக்கணும், ராத்திரி பத்தரைக்கு லைட்ட அணைக்கணும். நடுவுல வேதப் படிப்பு, அப்புறம் தெருத் தெருவா கதவு தட்டணும், முக்காவாசி கதவு தொறக்காது, தொறந்தாலும் மொகத்துல சாத்துவாங்க, இல்லன்னா உங்கள மாதிரி காபி குடுத்துட்டு கோவிச்சுக்குவாங்க. சினிமா கிடையாது, டிவி கிடையாது, காதல் கத்தரிக்கா எதுவும் கிடையாது. கூட ஒரு ஜோடிப் பையன் ஒட்டிக்கிட்டே இருப்பான், கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற தூரத்துலயே இருக்கணும்னு ரூல், பாத்ரூம் போற நேரம் தவிர தனிமையே இல்ல, அந்த ஜோடிய இவன் தேர்ந்தெடுக்கல, பிடிக்கலன்னாலும் ஆறு வாரம் கழிச்சு மாத்தல் வந்தாத்தான் விடுதல. உங்க மருமக மட்டும் தனியா இருந்திருந்தா அந்தப் பசங்க வாசப்படி தாண்டி உள்ள வந்திருக்க மாட்டாங்க, அதுக்கும் ரூல்.

ஞாயித்துக்கிழம சபை, அன்னைக்கு கடைக்குப் போக மாட்டாங்க, அதனால திங்கக்கிழமதான் துணி துவைக்க, சாமான் வாங்க, முடி வெட்ட, பாஸ்கெட்பால் ஆட எல்லாத்துக்கும். வீட்டுக்குப் போன் பண்றதும் அன்னைக்குத்தான். அதுவும் 2019ல வந்த சலுக, அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கே ரெண்டு போன். நான் சில வருஷம் முன்னாடி சால்ட் லேக் சிட்டில அவங்க கோயில் வளாகத்த சுத்திப் பாத்தேன், அங்க வழிகாட்டிங்க எல்லாரும் பொண்ணுங்க, சட்டைல பேரு அட்டைக்குப் பக்கத்துலயே சொந்த நாட்டுக் கொடி குத்தியிருப்பாங்க. ஒரு பொண்ணுகிட்ட வீட்டு நெனப்பு வருமான்னு கேட்டேன். ‘போன் வச்சதும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்’னு சொல்லிட்டு அட்டைய நேராக்கிக்கிச்சு, கை மட்டும் அதுலயே ரொம்ப நேரம் இருந்துச்சு.

இவ்வளவு சொன்னதால நான் அவங்க கட்சின்னு நெனைக்காதீங்க. கோவம் வரணும்னா வாங்க, வேண்டிய அளவுக்கு சரக்கு இருக்கு. பையன்கிட்ட மாசம் 500 வாங்குற அதே சபையோட முதலீட்டு நிறுவனம் பங்குச் சந்தைல வச்சிருந்தது 2018லயே 32 பில்லியன் டாலர் கிட்ட, அத லெட்டர் பேட் கம்பெனிங்க பேர்ல மறைச்சு கணக்கு காட்டினதுக்கு 2023ல அமெரிக்க பங்குச் சந்தை ஆணையம் சபைக்கும் அந்த நிறுவனத்துக்கும் சேத்து 5 மில்லியன் டாலர் அபராதம் போட்டுச்சு. அத விட, நீங்க காபி டம்ளர்ல தேடின தீண்டாமை அவங்க வரலாத்துல நெஜமாவே இருக்கு. கறுப்பின ஆம்பளைங்களுக்கு 1852ல இருந்து 1978 வரைக்கும் ஆசாரியத்துவமே, அதாவது சபைல சடங்கு நடத்துற உரிமையே குடுக்கல, அது மத்த ஆம்பளப் பசங்க 12 வயசு வாக்குலயே வாங்கற பதவி. கேக்குறதா இருந்தா இத கேளுங்க, பத்தொம்பது வயசுப் பையன் வேர்த்து ஒழுகிக்கிட்டு நிக்கிறான், பதில் தெரியாம முழிப்பான், ஆனா ஓட மாட்டான்.

இன்னொண்ணு சார், நீங்க உக்காந்திருக்கிற மேசா ஊர 1878ல உண்டாக்குனதே அவங்க ஆளுங்கதான், 1927லயே அங்க பெரிய கோயில் கட்டிட்டாங்க. உங்க பையன்தான் அங்க புதுக் குடித்தனம்.

வேண்டாம்னா வேண்டாம்னு நேராச் சொல்லுங்க, நன்றி சொல்லிட்டுப் போயிருவாங்க. ஆனா மாத்தல் வந்து வேற ஜோடி அதே தெருவுக்கு வரும், அவங்களுக்கு உங்க காபிக் கதை தெரியாது. வீட்டம்மாகிட்ட சொல்லி பாலுக்கு உறை ஊத்தி வைங்க.