பாட்டிக்கு ஏன் தலை சுற்றியது?

கேள்வி: என் ஊர் குன்னூர். கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் விஆர் (மெய்நிகர்) உலகங்கள் உருவாக்கக் கற்று வருகிறேன். என் பாட்டி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மூட்டுவலியால் இனி மலை ரயில் ஏற முடியாது. அவருக்காக மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை முழுப் பாதையையும் விஆரில் செய்ய ஆரம்பித்தேன். இன்ஜினை முன்னால் மாட்டினேன். ரயில் குலுங்குவது தெரியட்டும் என்று கேமராவையும் ஆட்டினேன். கல்லூரி ஹெட்செட்டைக் கேட்டு வாங்கி வந்து பாட்டிக்கு மாட்டினேன். ஒரு நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டார். கடன் வாங்கி நல்ல கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். வாங்கட்டுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: அன்பு மகளுக்கு, இரண்டும் வேண்டாம்.

பர்லியாறு வளைவுகளில் பஸ் ஏறும்போது எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருபவர்களைப் பார்த்திருப்பாய். உட்காதுக்கு அசைவு தெரிகிறது. முன் சீட்டைப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாட்டிக்கு நடந்தது இதன் தலைகீழ். கண் ஓடுகிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. ரயில் குலுங்குவது தெரியட்டும் என்று கேமராவையும் ஆட்டினேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை முதலில் எடு. விஆரில் கேமரா என்பது பார்ப்பவரின் தலை. அதை அவரைத் தவிர யாரும் அசைக்கக் கூடாது.

அடுத்தது வேகம். ஹெட்செட் நொடிக்கு 72 படம் காட்ட வேண்டும் என்றால் ஒரு படத்தை வரைய 14 மில்லி செகண்டுகூடக் கிடைக்காது, அதுவும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. தேயிலைச் செடியின் இலை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்தால், கம்ப்யூட்டர் துணையில்லாமல் தனியாக இயங்கும் ஹெட்செட் திணறும். படம் தங்கித் தங்கி வந்தால் மயக்கம் கூடும். தலை திரும்பிய பிறகு காட்சி பின்னால் வருவதை உடம்பு பொறுக்காது. இதற்கு மருந்து உன் ஊரிலேயே இருக்கிறது: மூடுபனி. நூறடிக்கு அப்பால் பனியைப் போடு. அதற்கு அப்பாலுள்ளதை வரையவே வேண்டாம் என்று கேமராவின் எல்லையையும் குறைத்துவிடு. வேறு ஊரைச் செய்பவர்கள் இதைப் போட்டால் ஒப்பேற்றுவது போல் தெரியும். குன்னூரில் அது உண்மை.

முழுப் பாதை என்றால் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம். ஒரு மாணவி தனியாக இத்தனையும் செய்ய முடியாது; பாட்டிக்கு இத்தனையும் தேவையும் இல்லை. வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்குமே, அந்த நேரத்தை மட்டும் செய். ரயில் நிற்கிறது. பாட்டி பெட்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கண்ணும் காதும் சண்டை போட இடமே இல்லை. பிறகு வேண்டுமானால் மெதுவாக நகர்த்திப் பார். பெட்டியின் ஜன்னல் சட்டம் கண்முன் அசையாமல் இருப்பதால் மயக்கம் குறையும்.

இன்ஜினை முன்னால் மாட்டியிருக்கிறாய். குன்னூருக்கு ஏறும்போது அது பின்னால் நின்றல்லவா தள்ளும்! பாட்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாள் டேப்போடு ரயிலில் போ. சீட்டு எவ்வளவு உயரம், ஜன்னல் எவ்வளவு அகலம் என்று அளந்து எழுது. விஆர் உலகம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு அலகு ஒரு மீட்டர். சீட்டு அரை அடி உயர்ந்தாலும் ஹெட்செட்டுக்குள் உடம்பு உணர்ந்துவிடும். பல்சக்கரம் கடகடவென்று ஏறும் சத்தத்தை, தண்ணீர் விழும் சத்தத்தை, நீராவி சீறுவதைப் போனிலேயே பதிவு செய். ஒவ்வொரு சத்தமும் அதனதன் திசையிலிருந்து வரும்படி வை. படத்தில் நீ விட்டதைப் பாதிக்கு மேல் காது நிரப்பிக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை.

கடன் எதற்கு? முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம். யூனிட்டியும் உன்னைப் போன்ற மாணவர்களுக்கு இலவசம். ஹெட்செட் இல்லாத நாட்களில் சோதிக்க, கம்ப்யூட்டரிலேயே ஹெட்செட் போல இயங்கும் சிமுலேட்டர் அதிலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை கல்லூரி ஹெட்செட் கிடைத்தால் இந்த வேலைக்குப் போதும்.

பாட்டிக்குப் பழைய தலைசுற்றல் நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மறுபடி மாட்டாதே. மாட்டும்போது கைப்பிடி வைத்த நாற்காலி, மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், பக்கத்தில் நீ.

வேலையைத் தொடங்கும் முன் அவரிடம் ஒன்று கேள்: அந்தக் காலத்தில் ரயிலில் வரும்போது எந்தப் பக்க ஜன்னலில் உட்காருவார்? சீட்டை அந்தப் பக்கமே போடு.