மூன்றரை வயதோடு முந்நூறு கிலோமீட்டர்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சின்னப் பிள்ளைகளைக் காரில் வெளியூர் கூட்டிப்போவது பற்றி எல்கேஜி பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் இது. வழி, வண்டி, சாப்பாடு பற்றிக் கேளுங்கள். மருந்துப் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

லாஸ்பேட்டை: பையனுக்கு மூன்றரை வயது. பெங்களூருக்கு எப்போது கிளம்பலாம், எங்கே நிறுத்தலாம் அண்ணே?

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர். ஏறக்குறைய 310 கிலோமீட்டர். முதலில் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி என்றால் தேதியை மாற்றிவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் பையன் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கம் கலையாமல் தூக்கி வந்து பின்னால் மாட்டிய குழந்தை சீட்டில் வைத்து பெல்ட் போடுங்கள். செஞ்சி வரும்போது வெளிச்சம் வந்திருக்கும், கோட்டை மலை ரோட்டிலிருந்தே தெரியும். அவ்வளவு உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டுவிடுங்கள், கொஞ்ச நேரம் ஓடும். திருவண்ணாமலையில் டிபன். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, சுற்றுச்சுவர் உள்ள ஓட்டலாகப் பார்த்து நிறுத்தி அவனை ஓடவிடுங்கள். நீங்கள் டீ குடிக்க, அவன் காருக்குள்ளேயே இருந்தால் நிறுத்தியதாகவே கணக்கில்லை.

நெல்லிக்குப்பம்: பாப்பா காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறாள்.

இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை இது சகஜம்தான். உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ முன்சீட்டின் முதுகையே பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் குமட்டுகிறது. அதனால் ஜன்னல் வழியே வெளியே தெரியும் உயரத்தில் சீட்டை வையுங்கள். செல்போன், படப் புத்தகம் இரண்டும் வேண்டாம். காரில் தொங்கும் சென்ட் டப்பாவைக் கழற்றுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய் சொட்டும் பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். பேசிக்கொண்டே வந்த பிள்ளை சட்டென்று அடங்கி, கொட்டாவி விட்டு, உதடு வெளுத்தால் அப்போதே ஓரங்கட்டுங்கள். மாத்திரைக்குக் குழந்தை டாக்டர்.

பண்ருட்டி: கொல்லிமலை போகலாமா?

70 கொண்டை ஊசி வளைவு. இந்த வயதில் வேண்டாம். ஏற்காட்டில் 20தான், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மஞ்சக்குப்பம், ஒரு தாத்தா: நாலு பிள்ளைகளை மடியில் வைத்தே ராமேஸ்வரம் போய் வந்தவன் நான். குழந்தை சீட் காசு பிடுங்கும் வேலை தம்பி. மடியைவிடப் பாதுகாப்பு ஏது?

ஐயா, அன்றைய ரோடு வேறு, அன்றைய வேகம் வேறு. ஐம்பதில் போகும் வண்டி மோதி நின்றால், 15 கிலோ குழந்தை அந்த நொடியில் சில நூறு கிலோ பாரமாக முன்னால் பாயும். எந்தக் கையும் பிடிக்காது. உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம், உங்கள் உடம்பே நசுக்கிவிடும். முன்சீட்டில் வைத்தால் ஏர்பேக் முகத்தில் அடிக்கும். 2019 திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லையென்றால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம்.

அதே தாத்தா: சட்டம் இருக்கட்டும். பேத்தி கதறுகிறாளே, அழ விடச் சொல்கிறாயா?

அழட்டும் ஐயா. நிறுத்திச் சமாதானப்படுத்தலாம், ஓடும் வண்டியில் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. ஒரு வாரம் முன்னாலேயே, வாசலில் நிற்கும் காரில் சீட்டைப் போட்டு அவளை அதில் உட்கார்ந்து விளையாட விடுங்கள். பழகிவிடும்.

வில்லியனூர்: தாத்தா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், அதற்குமா சீட்?

அந்த ரோட்டில்தான் பஸ்காரர்கள் பறக்கிறார்கள். அதற்கும்தான்.

முதலியார்பேட்டை: வாடகைக் காரில்?

சீட்டை நீங்கள் கொண்டுவாருங்கள். புக் செய்யும்போதே பின்சீட் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் சீட் கவர் மாட்டும்போது பெல்ட் கொக்கியை உள்ளே தள்ளிவிடுவார்கள். கவரைத் தூக்கிக் கையை விட்டால் கிடைக்கும். மடி மட்டும் வேண்டாம்.

வடலூர்: ராத்திரி கிளம்பினால் குழந்தை தூங்கிவிடுமே?

ஓட்டுபவரும் தூங்கிவிடுவார்.

நெய்வேலி: நடுவழியில் ஒன்றுக்கு வந்தால்?

வீட்டில் உட்காரும் பிளாஸ்டிக் டாய்லெட் சீட்டையே டிக்கியில் போடுங்கள். உள்ளே ஒரு டயப்பரை விரித்துவிட்டால், முடிந்ததும் சுருட்டிப் பையில் கட்டிவிடலாம்.

பாகூர்: வாந்திக்கு என்ன மாத்திரை?

முதல் பத்தியைப் படியுங்கள்.

காராமணிக்குப்பம்: கார் என்றாலே என் பையனுக்கு வாந்தி...

நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதேதான். இனி வாந்திக்குப் பதில் இல்லை.

அரியாங்குப்பம்: தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் டீ குடிக்கலாமா?

கூடவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி வரை ஏறும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் உள்ளே இருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால்?

இண்டிகேட்டர் நான்கையும் போட்டுவிட்டு, டிராபிக் இல்லாத பக்கக் கதவு வழியாகக் குழந்தையை இறக்கி, ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, அடிபட்டிருந்தால் 108.