சென்னைக்குத் தென்கிழக்கே ஒரு மாவட்டம்

கேள்வி: மருமகனுக்கு கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள காம்பெல் பே என்ற ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. வரைபடத்தில் சென்னைக்குத் தென்கிழக்கேதான் தெரிகிறது. ஆனால் உயர் நீதிமன்றம் கல்கத்தா என்கிறார்களே, ஏன்? நாங்கள் போய்ப் பார்த்து வரலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, இதே கேள்வியை நான் தபால் உறைமேல் கேட்டுக்கொண்டவன். என் சித்தப்பா மகன் அங்கே பதினோரு ஆண்டு வேலை பார்த்தான். முதல் கடிதத்துக்கு முகவரி எழுதும்போது பின்கோடு 744302 என்றிருந்தது. முதல் எண் 7, வங்காளம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு உரியது. நமக்கோ 6. ஆங்கிலேயர் 1858-இல் அந்தமானில் கைதிகள் குடியிருப்பை அமைத்துக் கல்கத்தாவிலிருந்து ஆண்டார்கள். அந்தத் தடம் இன்னும் அழியவில்லை. ஆனாலும் வழக்குக்காகக் கல்கத்தா போக வேண்டியதில்லை. அந்த நீதிமன்றத்தின் சுற்று அமர்வு, தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரிலேயே (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) கூடுகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒன்றிய அரசின் நேரடி ஆட்சியில் உள்ளன. சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநர் இருக்கிறார், மக்களவைக்கு ஓர் உறுப்பினர். நிக்கோபார் 1974 முதல் தனி மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,842. நம் ஊரில் ஒரு பேரூராட்சிக்குக்கூட இதற்குச் சமமாக மக்கள் உண்டு.

என்னை வருத்துவது தூரம்தான். மாவட்டத் தலைநகர் கார் நிக்கோபார், வடக்கு ஓரத்தில். உங்கள் மருமகன் இருக்கப்போவது தெற்கு ஓரத்தில். நடுவே 270 கிலோமீட்டர் கடல். போர்ட் பிளேருக்கோ ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தீவின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ராவை ஒட்டிய தீவு அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான்! கடல் சீறினால் கப்பல் நிற்கும். ஹெலிகாப்டரில் இடம் கொஞ்சம், நோயாளிக்கே முதல் உரிமை. கையெழுத்து ஒன்றுக்காகப் பத்து நாள் காத்திருந்தேன் என்று தம்பி எழுதியிருந்தான்.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று சொல்வது இந்தத் தீவுகளையே. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு இங்கே குடியேற்றியது. 2004 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்தில் தென்முனை நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 1972-இல் கரையில் எழுந்த கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழங்குடியினர் காப்புப் பகுதிக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. 1956 முதல் அதற்கெனச் சட்டம் உண்டு. அது சரியான சட்டம். கிரேட் நிக்கோபாரின் பழங்குடியான ஷோம்பென் மக்கள் சில நூறு பேர்தான். நமக்குச் சாதாரணமான காய்ச்சல் அவர்களுக்கு உயிரைப் பறிக்கும். எந்தப் பகுதி திறந்தது, எது காப்புப் பகுதி என்பதை மருமகனின் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே டிக்கெட் எடுங்கள். கப்பல் தாமதமாகும் என்று எண்ணி, திரும்பும் தேதியில் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருட்டத் தொடங்கும். கடிகாரம் மட்டும் நம்முடையதே. காற்றில் ஈரம் அதிகம். அப்பளம் அனுப்புவதானால் இரண்டு பைகளில் இறுகக் கட்டுங்கள். தம்பிக்கு நான் அனுப்பிய முதல் கட்டு, பிரிக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம்.