வாசகர் கேள்வி பதில்: ‘ஸ்பிரிட்டட் அவே’ படமும் அதன் குரல்களும்

ஹயாவோ மியாசாகி இயக்கி, 2001ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று ஜப்பானில் வெளியான ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனத்தின் ‘ஸ்பிரிட்டட் அவே’ அனிமேஷன் படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன் தொடர்ச்சியாக வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கதையைவிட அதன் ஆங்கில டப்பிங்கைப் பற்றியே பேசுகின்றன. பெற்றோர் பன்றிகளாக மாறிவிட, தெய்வங்களும் ஆவிகளும் வந்து நீராடும் குளியலகம் ஒன்றில் யுபாபா என்னும் சூனியக்காரியிடம் வேலைக்குச் சேர்ந்து, அவர்களை மீட்டுக்கொண்டு திரும்பும் பத்து வயதுச் சிறுமி சிஹிரோவின் கதை இது என்பதை, படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிட்டுக் கேள்விகளுக்குச் செல்கிறேன்.

முதலில் ஆங்கில டப்பிங்கில் பார்த்தேன்; பிறகு ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலோடு பார்த்தேன். ஒரே படமா என்று ஐயம் வந்துவிட்டது. ஜப்பானியப் பதிப்பில் சிஹிரோ பல இடங்களில் பேசாமலே இருக்கிறாள். ஆங்கிலத்தில் அதே இடங்களில் ஏதாவது சொல்கிறாள். எதைச் சரியான படம் என்று கொள்வது? (வாசகி, மதுரை)

நீங்கள் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை. ஓவியங்களும் ஜோ ஹிசாயிஷியின் இசையும் அப்படியே இருக்கின்றன. மாறியது பேச்சின் அளவு மட்டுமே. 2002 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான அந்தப் பதிப்பை, ‘டாய் ஸ்டோரி’ இயக்குநரும் மியாசாகியின் நண்பருமான ஜான் லாசெட்டர் மேற்பார்வையிட்டார்; 1991இல் வந்த ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவரான கிர்க் வைஸ் குரல்பதிவை இயக்கினார்; சிண்டி டேவிஸ் ஹெவிட், டொனால்டு ஹெவிட் இருவரும் ஆங்கில வசனத்தை எழுதினார்கள். படத்தின் மீது உண்மையான மதிப்புக் கொண்டவர்களின் கைவண்ணம் அது என்பதை ஒவ்வொரு காட்சியும் காட்டுகிறது. ஆனால் அவர்கள் பழகி வளர்ந்த அமெரிக்க அனிமேஷனில், பாத்திரங்கள் தாம் காண்பதையும் நினைப்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது வழக்கம். மியாசாகியின் வழி அதற்கு நேர்மாறானது. 2002இல் அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுடன் உரையாடியபோது அவர் கைகளைச் சில முறை தட்டிக்காட்டி, தட்டல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் தன் படங்களில் வேண்டுமென்றே வைக்கிறேன் என்று விளக்கினார். அந்த இடைவெளிகளில் சிலவற்றை ஆங்கிலப் பதிப்பு நிரப்பியிருக்கிறது. உங்களுக்கு வந்த ஐயத்தின் வேர் அதுவே.

எனவே ஜப்பானியப் பதிப்பே மியாசாகி எடுத்த படம். ஆங்கிலப் பதிப்பு அதன் நல்ல நடிப்புகள் நிறைந்த மறுவடிவம். அது குறைபடும் இடங்கள் குரலால் குறைபடவில்லை, பேச வேண்டாத இடத்தில் பேசியதால் குறைபடுகின்றன.

அப்படிச் சேர்க்கப்பட்ட வசனங்கள் எவை? ரசிகர்கள் இவ்வளவு கோபப்படும் அளவுக்கு அவை பெரியவையா? (வாசகர், கோயம்புத்தூர்)

எண்ணிக்கையில் சிலவே, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பாலத்தருகே நின்று அந்த மாபெரும் கட்டடத்தைப் பார்க்கும் சிஹிரோ, ஆங்கிலத்தில் அது ஒரு குளியலகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். ஜப்பானியப் பதிப்பில் இந்தப் பேச்சு கிடையாது. உயர்ந்த புகைபோக்கியையும் வாசலில் தொங்கும் துணித் திரையையும் கண்டதுமே ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு இடம் விளங்கிவிடும். ஓஹையோவிலோ டெக்சாஸிலோ அமர்ந்து பார்க்கும் சிறுவனுக்கு விளங்காது. இதை நான் ஏற்கிறேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்த பத்து நிமிடங்களும் அவனுக்குப் புதிராகவே கழிந்திருக்கும்.

முடிவுக் காட்சியில் செய்த சேர்க்கையை என்னால் ஏற்க முடியவில்லை. சுரங்கப்பாதையைக் கடந்து வெளியே வந்த குடும்பம், இலைகளும் தூசியும் மூடிக் கிடக்கும் காரில் ஏறிப் புறப்படுகிறது. ஜப்பானியப் பதிப்பில் சிஹிரோ எதையும் சொல்லாமலே படம் முடிகிறது. உள்ளே நடந்தவை அவளுக்கு எந்த அளவு நினைவில் இருக்கின்றன, அவள் எவ்வாறு மாறியிருக்கிறாள் என்பதெல்லாம் நம்மிடம் விடப்படுகின்றன. ஆங்கிலத்திலோ கார் நகரும்போது, புதிய வீடும் புதிய பள்ளியும் சற்றுப் பயமாகத்தான் இருக்கும் என்று தந்தை சொல்ல, தன்னால் சமாளிக்க முடியும் என்று சிஹிரோ பதில் சொல்கிறாள். இரண்டு மணி நேரம் அவள் உழைத்ததையும் அழுததையும் துணிந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பதில் முன்பே தெரியும். தெரிந்ததைச் சொல்லிக்காட்டுவது பார்வையாளரின் அறிவை நம்பாத செயல் என்றே கருதுகிறேன். ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கோபத்துக்கு முன்கதையும் உண்டு. ‘ஸ்பிரிட்டட் அவே’யின் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்ட டிஸ்னி நிறுவனமே 1989ஆம் ஆண்டின் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்தை 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, நாயகியான சிறு சூனியக்காரி கிகியின் கருப்புப் பூனை ஜிஜிக்கு நகைச்சுவை நடிகர் பில் ஹார்ட்மன் குரல் கொடுத்தார். ஜப்பானியத்தில் ரெய் சகுமாவின் குரலில் அளவாகவும் மென்மையாகவும் பேசும் அந்தப் பூனை, ஆங்கிலத்தில் ஓயாமல் கேலி பேசியது. அதைவிடப் பெரிய மாற்றம் முடிவில் நேர்ந்தது. கிகி வளர்ந்துவிட்டாள் என்பதால் பூனையின் பேச்சு அவளுக்கு மீண்டும் கேட்காமலே போவது மூலப்படம். ஆங்கிலத்தில் பூனை கடைசியில் மறுபடி பேசிவிட்டது. பின்னர் 2010இல் வந்த பதிப்பில் இத்தகைய சேர்க்கைகள் பல நீக்கப்பட்டன.

ஆங்கிலத்தில் எதையும் வெட்டவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? (வாசகர், சேலம்)

வெட்டக் கூடாது என்பது ஜிப்லியின் உறுதியான நிபந்தனை. மியாசாகியின் 1984ஆம் ஆண்டுப் படமான ‘நௌசிகா’ அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வேறு பெயரில், இருபது நிமிடங்களுக்கும் மேல் வெட்டப்பட்டு, பாத்திரங்களின் பெயர்களும் மாற்றப்பட்டு வெளியானது. அந்தக் கசப்புக்குப் பிறகே இந்த நிபந்தனை பிறந்தது.

குளியலகத்தில் சிஹிரோவுக்கு உதவும் சிறுவன் ஹாகுவின் குரல் ஆங்கிலத்தில் பெரிய இளைஞனுடையதுபோல் ஒலிக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா? மற்ற குரல்களைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். (வாசகி, யாழ்ப்பாணம்)

பலரும் இதையே சொல்கிறார்கள். ஜப்பானியத்தில் ஹாகுவுக்குக் குரல் கொடுத்த மியு இரினோவும் சிஹிரோவுக்குக் குரல் கொடுத்த ருமி ஹீராகியும் அப்போது 13 வயதுச் சிறுவர்கள். ஆங்கிலத்தில் சிஹிரோவாகப் பேசிய டேவி சேஸ் உண்மையிலேயே சிறுமிதான். ஆனால் ஹாகுவாகப் பேசிய ஜேசன் மார்ஸ்டன் இருபதுகளைக் கடந்துகொண்டிருந்தவர். அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். எனினும் இரு சிறுவர்களுக்கு இடையே இருந்த நட்பு, பெரியவன் ஒருவன் சிறுமிக்குத் தரும் பாதுகாப்பாக மாறி ஒலிக்கிறது. ஹாகு அவளுக்குச் சோற்றுருண்டை கொடுத்து உண்ணச் சொல்லும் காட்சியை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். சிஹிரோ ஒரு வாய் கடித்து மெல்ல மெல்லத் தின்று, பிறகு அடக்கிவைத்த அழுகையெல்லாம் பெரிய பெரிய துளிகளாகக் கொட்ட விம்முகிறாள். ஹீராகியின் விம்மலில் மூச்சுத் திணறலும் வாயில் சோறு இருப்பதும் கேட்கின்றன. சேஸின் அழுகை உரத்தது. சிலர் அதைக் கீச்சுக்குரல் என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு குழந்தையின் உண்மையான அழுகையாகவே படுகிறது.

யுபாபாவைப் பொறுத்தவரை இரு பதிப்புகளையும் நான் சமமாக மதிக்கிறேன். ஜப்பானியத்தில் பாடகியும் நடிகையுமான மாரி நட்சுகியும், ஆங்கிலத்தில் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் நடித்த சூசான் பிளஷெட்டும் யுபாபா, அவளுடைய இரட்டைச் சகோதரி செனிபா ஆகிய இருவருக்கும் தாமே குரல் கொடுத்தார்கள். ஒரே முகம், ஒரே குரல், இருவேறு மனம் என்பதைக் குரலின் வெப்பத்தாலேயே பிரித்துக் காட்டியது இருவரின் சாதனை. நட்சுகி இருபது ஆண்டுகளுக்குப் பின், 2022இல் டோக்கியோவில் அரங்கேறிய இதன் மேடை வடிவத்திலும் யுபாபாவாகவே நடித்தார் என்பது மகிழ்ச்சியான செய்தி.

எந்த டப்பிங்காலும் கொண்டுவர முடியாதது ஒன்று உண்டு. கொதிகலன் அறையில் ஆறு கைகளோடு உழைக்கும் கமாஜிக்கு ஜப்பானியத்தில் குரல் கொடுத்தவர் புன்டா சுகவாரா. 1970களில் யகுசா என்னும் குற்றக்கும்பல் படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர். நம்பியாரை வில்லனாகவே பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை, அதே குரல் ஒரு பேத்தியை அணைத்துப் பேசக் கேட்டால் எப்படி நெகிழுமோ, அப்படித்தான் ஜப்பானியர் கமாஜியைக் கேட்டிருப்பார்கள். டேவிட் ஆக்டன் ஸ்டையர்ஸ் ஆங்கிலத்தில் அருமையாகப் பேசியிருந்தும், அந்தப் பழைய நினைவு அவர் குரலில் இருக்க வழியில்லை.

உதட்டசைவு இரண்டு மொழியிலும் ஏறத்தாழப் பொருந்துகிறதே, எப்படி? (வாசகர், புதுச்சேரி)

ஜப்பானில் பொதுவாகப் படத்தை வரைந்த பிறகே குரலைப் பதிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் முதலில் குரலைப் பதிந்துவிட்டு அதற்கேற்ப வாயை வரைகிறார்கள். ஜப்பானிய ஓவியத்தில் வாய் திறப்பது, பாதி திறப்பது, மூடுவது என்று சில நிலைகளே இருப்பதால், வேற்றுமொழி வசனமும் தொடக்கத்திலும் முடிவிலும் பொருந்திவிட்டால் போதும். அந்த நீளத்துக்குள் பொருளையும் அடக்குவதுதான் வசனகர்த்தாவின் பாடு. முகம் திரும்பியிருக்கும்போதோ பாத்திரம் தொலைவில் இருக்கும்போதோ புதிய பேச்சைச் சேர்ப்பது எளிது என்பதால்தான், கார் புறப்படும் காட்சியில் அது நுழைந்தது.

ஜப்பானியப் பதிப்பிலும் குரல் நடிப்புக்கு எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதற்கு ஒரு சான்று: சிஹிரோவின் தாய் ஆளில்லாக் கடையில் உட்கார்ந்து தின்றபடியே பேசும் காட்சிக்கு, நடிகை யாசுகோ சவகுச்சி உண்மையாகவே கோழி இறைச்சியை மென்றுகொண்டே பேசினார்.

டப்பிங்கில் பார்த்தவர்கள் படத்தையே பார்க்கவில்லை என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், சிங்கப்பூர்)

இல்லை. நண்பர்களின் பற்று எனக்குப் புரிகிறது, தீர்ப்பு தவறானது. கையால் வரைந்த ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் ஏதோ நடந்துகொண்டிருக்கும் படம் இது. திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கும் கண், அந்த நேரத்தில் சுமைகூலிகளாக ஓடும் கரித்துகள் உருவங்களையும் நீராவியையும் தவறவிடுகிறது. சப்டைட்டிலும் மூலத்தைச் சுருக்குகிறது. சில வெளியீடுகளில் அது ஆங்கில டப்பிங் வசனத்தையே எழுத்தில் தருவதும் உண்டு. மூலக் குரல் என்பதாலேயே அது எல்லோரையும் கவரும் என்றும் சொல்ல முடியாது. மியாசாகி தன் 2013ஆம் ஆண்டுப் படத்தின் நாயகனுக்கு, நடிகர் அல்லாத இயக்குநர் ஹிதேயாகி அன்னோவைப் பேசவைத்தபோது, அந்தக் குரல் உணர்ச்சியின்றி இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டவர்கள் ஜப்பானியரே.

ஜப்பானில் 3,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்த இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் முதல் வெளியீட்டில் சுமார் 1 கோடி டாலர்தான் ஈட்டியது. ஆனால் 2003 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. அங்கே அதைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்ததில் டப்பிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நன்றியை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. சீனாவில் 2019 ஜூனில்தான் இது முறையாகத் திரைக்கு வந்தது. சிஹிரோவுக்கு நடிகை சோ டோங்யூ மாண்டரின் மொழியில் குரல் கொடுத்தார்.

தமிழில் இத்தகைய படங்களை டப்பிங் செய்தால் எடுபடுமா? (வாசகி, திருச்சி)

எடுபடும் என்று உறுதியாக நம்புகிறேன். யுகோ சாகோவின் ஜப்பானிய–இந்திய ராமாயண அனிமேஷன் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரல்களோடு திரையரங்குக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழிலும் வெளியானது. வாசல் திறந்துவிட்டது.

‘ஸ்பிரிட்டட் அவே’ போன்ற படத்தில், ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி தமிழுக்கு உண்டு. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சிஹிரோ படிப்படியாகக் கற்றுக்கொள்வது கதையின் நடுநாடி. உதவிய கமாஜிக்கு நன்றி சொன்னாயா என்று குளியலகப் பணிப்பெண் லின் கடிந்துகொள்ள, அவள் திரும்பி வந்து பணிவோடு நன்றி சொல்கிறாள். கமாஜி அவளைத் தன் பேத்தி என்று சொல்லிக் காப்பாற்றுகிறார். செனிபாவை அவள் பாட்டி என்றே அழைக்கிறாள். யுபாபாவின் அறையில், வாயை மந்திரத்தால் தைத்துப் பூட்டியவள் பூட்டை அவிழ்த்ததும், இங்கே எனக்கு வேலை கொடுங்கள் என்று மீண்டும் மீண்டும் கத்துகிறாளே, அந்த ‘கொடுங்கள்’ என்னும் மரியாதையும் பிடிவாதமும் ஒரே மூச்சில் தமிழில் இயல்பாக வரும். முகமில்லா உருவமான நோஃபேஸ், விழுங்கிய தவளையின் குரலைக் கடன்வாங்கித்தான் பேசத் தொடங்குகிறது. ஒரே கலைஞர் இரண்டையும் பேசினால் அந்த அச்சம் தமிழிலும் அப்படியே நிற்கும்.

தமிழ் வசனகர்த்தாவிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. நீரின் மேல் செல்லும் ரயிலில் சிஹிரோவும் நோஃபேஸும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து போகும் நீண்ட காட்சியில், ஹிசாயிஷியின் இசை தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. ஆங்கிலப் பதிப்பிலும் அந்தப் பயணம் ஏறத்தாழப் பேச்சின்றியே செல்கிறது. அங்கே பஞ்ச் வசனத்தையோ மனக்குரலையோ தயவுசெய்து நுழைக்க வேண்டாம்.

ஏழு வயது மகனுக்கு எந்தப் பதிப்பைக் காட்டலாம்? (வாசகர், ஈரோடு)

அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும் என்றால் ஆங்கில டப்பிங்கையே காட்டுங்கள். சப்டைட்டிலின் வேகம் அந்த வயதுக்குக் கடினம். பெற்றோர் பன்றிகளாக மாறும் இடத்திலும், காகிதப் பறவைகள் துரத்த டிராகன் உருவில் ஹாகு இரத்தம் வடியப் பறந்து வரும் இடத்திலும், நோஃபேஸ் ஆட்களை விழுங்கும் இடத்திலும் குழந்தைகள் பயப்படக்கூடும். ஆகவே முதல் முறை பக்கத்தில் இருங்கள். அடுத்த முறை அவன் கேட்டுக்கொண்டு பார்த்தால், அப்போது ஜப்பானிய ஒலித்தடத்துக்கு மாற்றலாம். கதை ஏற்கெனவே தெரியுமாதலால் எழுத்தைப் படிக்கும் அவசரமின்றிக் குரல்களைக் கேட்பான்.