அந்த பேர அடிச்சது யாரு?

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு. நட்பு, எல்லாரையும் சேத்துக்கறது பத்தி 14 படக்கதை புக்கு வாங்கி தினமும் ராத்திரி படிச்சுக் காட்றேன். ஆனாலும் கிளாஸ்ல வீல்சேர்ல வர்ற பையன "நீ எங்க செட்டு இல்ல"ன்னு சொல்லிட்டாளாம். பர்த்டேக்கு யாரக் கூப்பிடலாம்னு கேட்டப்ப அவன் பேரையும் சொன்னவதான், ஓடிப்பிடிச்சு விளையாடறப்ப அவனுக்குத்தான் கஷ்டம்னு நான் கூப்பிடல. இன்னும் என்ன புக்கு வாங்கட்டும்?

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க. இந்த லெட்டர் எனக்கு நெறைய வருது, எல்லாரும் கடைசில புக்கு லிஸ்ட்டுதான் கேக்கறீங்க.

"அவன் பேரையும் சொன்னவதான்"னு போறபோக்குல எழுதிட்டுத் தாண்டிட்டீங்க, நான் அங்கயே நின்னுட்டேன். அப்ப சேத்துக்கறது அவளுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு, அந்த பேர அடிச்சது நீங்க, அவளும் பாத்துட்டுத்தான் இருந்திருப்பா. அவனுக்குக் கஷ்டம்னு யாரு சொன்னா, அவன கேட்டீங்களா, அவன் அம்மாவ கேட்டீங்களா? ஓடிப்பிடிச்சுதான் ஆடணும்னு சட்டமா என்ன, உக்காந்து ஆடற விளையாட்டு ஒண்ணுகூடவா தெரியாது உங்களுக்கு?

புக்கு மேல எனக்கு கோவம் இல்ல. ருடீன் சிம்ஸ் பிஷப்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1990ல எழுதுனாங்க, பிள்ளைங்களுக்கு புக்கு கண்ணாடியாவும் இருக்கும், ஜன்னலாவும் இருக்கும், தள்ளித் திறந்து உள்ள போற கதவாவும் இருக்கும்னு. உங்க பொண்ணு கதவு வரைக்கும் போயிட்டா, வாசல மறிச்சு நின்னது நீங்க.

அப்புறம் அந்த 14ல எத்தன கதைல ஒதுக்கி வச்ச குட்டி மிருகம் கடைசில எல்லாரையும் காப்பாத்தி, அதுக்கப்புறம்தான் கூட்டத்துல சேருதுன்னு எண்ணிப் பாருங்க. இந்த புக்கெல்லாம் பெரும்பாலும் 32 பக்கம், அதுல முக்கால்வாசி திட்டு வாங்கிட்டு ஒரு சாதனை பண்ணாதான் ஃபிரெண்டாம், அதையெல்லாம் தூக்கி ஓரமா வைங்க. வீல்சேர்ல இருக்கற பிள்ள ஒண்ணுமே சாதிக்காம மத்த பிள்ளைங்களோட சும்மா மண்ணு அள்ளிட்டு இருக்கற படம் இருந்தா அது நல்ல புக்கு. படிச்சு முடிச்சதும் "என்ன கத்துக்கிட்ட"ன்னு பரீட்ச வைக்காதீங்க, இந்த வயசுல கண்ணு பெரும்பாலும் படத்துலதான் இருக்கும், விரல வச்சு "இவ ஏன் ஓரமா நிக்கறா"ன்னு மட்டும் கேட்டுட்டு பேசாம இருங்க.

வர்ற லீவு நாள்ல அந்த பையன் வீட்டுக்குப் போங்க. அவளோட அப்பாவும் வரட்டும் (லெட்டர்ல அவரப் பத்தி ஒரு வரி இல்ல, பெத்தது ரெண்டு பேரும்தான?). அவ முன்னாடியே அந்த அம்மாகிட்ட "கூப்பிட்டிருக்கணும், என் தப்பு"ன்னு சொல்லுங்க. அவங்க ரெண்டு வார்த்த கோவமா பேசுனா வாங்கிட்டு வாங்க. கிஃப்ட்டுன்னு புக்கு எதுவும் எடுத்துட்டுப் போயிராதீங்க.